கருப்பொருள் காத்த மா. கிருஷ்ணன்

தொல்காப்பியர் திணைகளுக்குரிய கருப்பொருள்களைத் தொகுத்தபோது, தெய்வம், உணவு, பறை, யாழ் ஆகியவற்றோடு விலங்கையும் மரத்தையும் பறவையையும் ஒரே வரிசையில் வைத்தார். நிலத்திற்குரிய உயிர்கள் மறைந்தால் அந்நிலத்திற்குரிய பாட்டும் பொருளிழக்கும் என்பது இவ்விலக்கணத்தினின்று பெறப்படும் உண்மை. இருபதாம் நூற்றாண்டில் இவ்வுண்மையைக் காடுதோறும் நடந்து கண்டு, எழுத்தாலும் ஒளிப்படத்தாலும் ஓவியத்தாலும் நாட்டுக்கு உணர்த்தியவர் மா. கிருஷ்ணன்.

பிறப்பும் கல்வியும்

'பத்மாவதி சரித்திரம்' தந்த அ. மாதவையாவின் மக்கள் எண்மருள் இளையவராக, 1912 ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் கிருஷ்ணன் பிறந்தார். அரசுப் பணியிலிருந்து முன்னதாகவே ஓய்வு பெற்ற மாதவையா, மயிலாப்பூரில் குடியேறி அச்சகம் நிறுவிப் 'பஞ்சாமிர்தம்' என்னும் இதழை நடத்தினார். 1925இல் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று பேசி அமர்ந்தவர் அங்கேயே உயிர்நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்குப் பதின்மூன்று வயது. மூத்த தமக்கையின் பேணுதலில் அவர் வளர்ந்தார்.

அந்நாளைய மயிலாப்பூரின் சுற்றுப்புறம் புதர்க்காடாக இருந்தது. நரியும் வெளிமானும் அங்கே திரிந்தன. கீரி வளர்த்த அச்சிறுவனுக்குப் புதர்க்காடே முதற் பள்ளியாயிற்று. மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பைசன் அவரை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உடனழைத்துச் சென்றார். பேராசிரியரின் துணைவியார் நீர்வண்ண ஓவியம் கற்பித்தார். முதுகலையும் சட்டமும் முடித்தபின்னும் நிலையான வேலை வாய்க்கவில்லை. 1937இல் இந்துமதி அம்மையாரை மணந்தார். இல்லறத்தின் தொடக்க ஆண்டுகள் வறுமையில் கழிந்தன.

சண்டூர் வாழ்வு

1942இல் பெல்லாரியை அடுத்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகளை அங்கு ஏற்றார். அலுவல் ஒழிந்த பொழுதெல்லாம் குன்றுகளிலும் காடுகளிலும் கழிந்தது. ஆடு மேய்த்தும் புறா வளர்த்தும் உயிர்களின் இயல்பை அருகிருந்து கற்றார். சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபின் சென்னை திரும்பியவர், மீண்டும் எவரிடமும் ஊழியம் ஏற்காமல் எழுத்தையும் ஒளிப்படத்தையுமே நம்பி வாழ்ந்தார்.

எழுத்தும் ஒளிப்படமும்

கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் அவர் தொடங்கிய 'கன்ட்ரி நோட்புக்' என்னும் பத்தி, 1996இல் அவர் மறையும்வரை நாற்பத்தாறு ஆண்டுகள் வெளிவந்தது. யானையையும் காட்டெருதையும் எழுதிய அதே கருத்தோடு வீட்டுச் சுவரின் பல்லியையும் முற்றத்து மைனாவையும் எழுதினார். காட்டையும் கொல்லைப்புறத்தையும் ஒரே தலைப்பில் இணைத்து நூல் செய்தவர் அவர்.

தமிழிலும் அவர் பணி உண்டு. பெரியசாமி தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த கலைக்களஞ்சியத்துக்கு விலங்குகள் குறித்து எழுதினார். 'கதிரேசன் செட்டியாரின் காதல்' என்னும் துப்பறியும் புதினமும் படைத்தார். அவர் மறைவுக்குப்பின் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' அவருடைய தமிழ்நடையின் தெளிவுக்குச் சான்று.

ஒளிப்படத்தில் கறுப்பு வெள்ளையையே கைக்கொண்டார். பல கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே அமைத்த பருத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். அதனைச் சுமந்து நடந்தும், முதுமலையில் வளர்ப்பு யானைமீதேறிச் சென்றும் காட்டு யானைகளைப் படமெடுத்தார்.

முழுமையாகக் காத்தல்

1960இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1968இல் கிடைத்த ஜவஹர்லால் நேரு ஆய்வு நல்கையைக் கொண்டு தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை ஆராய்ந்தார். அதன் விளைவான நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் வெளியிட்டது. இந்திய வனவிலங்கு வாரியத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்தார். அங்கு அவர் வலியுறுத்திய கொள்கை ஒன்றே: விலங்கை மட்டும் காப்பது காப்பாகாது, அது மேயும் புல், ஒதுங்கும் புதர், அருந்தும் ஓடை அனைத்தும் அந்நிலத்துக்குரியவையாகவே நிலைக்க வேண்டும். ஒரு நாட்டின் அடையாளம் மக்கள் பண்பாட்டில் மட்டுமன்று, அதன் நிலவடிவிலும் மரஞ்செடிகளிலும் உயிர்களிலும் உள்ளது என்று கருதினார். ஆகவே காட்டை அழித்துத் தைலமரம் வைப்பதையும், காட்டுக்குள் அணைகள் பெருகுவதையும், சாலையோரங்களில் அயல்மரம் நடுவதையும் தாட்சண்யமின்றிக் கண்டித்தார்.

காடு மனிதத் தலையீடின்றி விடப்படவேண்டும் என்ற அவர் நிலைப்பாடு, காட்டை நம்பி வாழ்வோரின் பாட்டுக்கு விடை சொல்லவில்லை என்று கருதுவோர் உண்டு. அவ்விடையின் ஒரு பகுதி அவர் ஆராய்ந்தெழுதிய வேடந்தாங்கலிலேயே உள்ளது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்த அவ்வூரார், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேட்டையைத் தடுக்கும் உரிமையை ஆட்சியரிடம் பெற்றிருந்தனர். மக்களுக்கும் பறவைகளுக்கும் நலன் ஒன்றாயிருந்த இடத்தில் காவல் தலைமுறைகளைக் கடந்து நின்றது.

1995இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு தன் 'குளோபல் 500' மதிப்புப் பட்டியலில் அவரைச் சேர்த்தது. 1996 பிப்ரவரி 18ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார்.

கரிசல் மண்ணுக்கு அவர் வாழ்வு

கிருஷ்ணனின் கொள்கைக்குச் சாத்தூரின் மேற்கு வானில் தெரியும் மலைகளே சான்று. 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி சாம்பல்நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அவ்வணில் மரக்கவட்டில் கூடுகட்டி, கிளைவிட்டுக் கிளை தாவியே வாழ்வது. மரச்செறிவில் இடைவெளி விழுந்தால் அதன் வழி அறுந்துபோகும். அணிலைக் காக்க வேண்டின் மரத்தொடரைக் காத்தாக வேண்டும். 2021இல் அச்சரணாலயம் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. அம்மலைத் தொடரின் காடு தேக்கித் தரும் நீரே வைப்பாறாகவும் அருச்சுனா நதியாகவும் இறங்கி இருக்கன்குடியருகே கூடுகிறது. கீழேயோ, நாட்டுக் கருவேலும் உடையும் நின்ற இடங்களைச் சீமைக்கருவேல் கவர்ந்துள்ளது. அயல்மரம் குறித்து அவர் கொண்ட அச்சம் மிகையன்று என்பதைக் கரிசல்காடே காட்டுகிறது.

மயிலும் மானும் குயிலும் பழகிய சொற்களாகவே கவிதைக்குள் வந்துபோகும் காலம் இது. சங்கப் புலவர் கண்டு பாடினர். கிருஷ்ணனும் கண்டபின்னரே எழுதினார். தம் ஊரின் மரத்தையும் புள்ளையும் பெயர் சொல்லி அறிந்த கவிஞர் அவை மறையும்போது வாளாவிருக்க மாட்டார். கருப்பொருளைக் காக்கும் பணி அந்த அறிதலில் தொடங்குகிறது.