40 ஆண்டு தண்டனை 6 ஆண்டாகக் குறைந்த வரலாறு: வ.உ.சி.யின் மேல்முறையீடு

கப்பலோட்டிய தமிழன், செக்கிழுத்த செம்மல் என்று நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. கப்பலையும் செக்கையும் நினைவில் வைத்திருக்கும் நாம், இரண்டுக்கும் நடுவே நீதிமன்றத்தில் நடந்ததை அதிகம் பேசுவதில்லை.

1872 செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சி. தந்தையைப் போலவே வழக்கறிஞரான அவர், காசில்லாத ஏழைகளுக்காகக் குற்றவியல் வழக்குகளில் வாதாடினார். இதனால் காவல்துறையின் பகை வளரவே, தந்தை அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பி வைத்தார்.

அங்கே 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கும் தலைமை தாங்கி, அவர்களுக்குக் கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றுத் தந்தார். ஆங்கிலேய அரசு இனியும் பொறுக்கவில்லை.

அவ்வாண்டு மார்ச் 12-இல் வ.உ.சி.யும் நண்பர் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. காவலர்களின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.

வ.உ.சி. குற்றச்சாட்டை எதிர்த்தே வழக்கை நடத்தினார். ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20 ஆண்டு, சிவாவுக்குத் துணை நின்றதற்கு 20 ஆண்டு என இரட்டை ஆயுள் தண்டனை. நாடு கடத்த வேண்டும் என்பது உத்தரவு. சிவாவுக்கு 10 ஆண்டு. அப்போது வ.உ.சி.க்கு வயது 35. செய்தி கேட்ட அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பாதிக்கப்பட்டார்.

லண்டனில் இந்தியாவுக்குப் பொறுப்பு வகித்த அமைச்சர் மார்லியே இந்தத் தண்டனையை ஏற்க இயலாது என்று வைசிராய்க்கு எழுதினார்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட்டும் நீதிபதி மில்லரும் நவம்பர் 4-இல் தீர்ப்புக் கூறினர். குற்றவாளி என்ற முடிவை அவர்கள் மாற்றவில்லை. தண்டனையை மட்டும் குறைத்தனர். 40 ஆண்டு 6 ஆண்டானது. சிவாவுக்கும் 6 ஆண்டாகக் குறைந்தது.

அந்தத் திருத்தம் சிறையின் கொடுமையைக் குறைக்கவில்லை. கோவைச் சிறையில் அவர் மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுத்தார். ஆனால், 1912 டிசம்பர் 24-இல் உயிரோடு வெளியே வந்தார். முதல் தீர்ப்பே நிலைத்திருந்தால், 1936 நவம்பர் 18-இல் அவர் மறைந்த நாளிலும் கைதியாகவே இருந்திருப்பார்.

கப்பல் நிறுவனம் அழிந்திருந்தது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். திருக்குறளுக்கு உரை எழுதினார். பின்னர் உரிமம் திரும்பக் கிடைக்க உதவிய ஆங்கிலேய நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார்.

குற்றம் வேறு, தண்டனையின் அளவு வேறு என்பதை அவர் வழக்கு காட்டுகிறது. இது இன்று நமக்கும் பொருந்தும். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நம்மில் பலர் நினைக்கின்றனர். மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டவரும் தண்டனையின் அளவையோ அதன் சட்டப்பூர்வத் தன்மையையோ எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். கீழ் நீதிமன்றத் தண்டனை என்றால் 14 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். மேல் நீதிமன்றம் தண்டனையைக் கூட்டவும் கூடும் என்பதால், முதலில் வழக்கறிஞரைக் கலந்து பேசுவது நல்லது. நாள் கடந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம்.