ஹாரி ஃபெர்குசன்

ஹாரி ஃபெர்குசன் (நவம்பர் 4, 1884 – அக்டோபர் 25, 1960) அயர்லாந்தில் பிறந்த பொறியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். உழவு இயந்திரத்தையும் (டிராக்டர்) கலப்பையையும் ஒரே அமைப்பாக இணைக்கும் மூன்று புள்ளி இணைப்பை உருவாக்கியவர் இவரே. இன்று உலகெங்கும் பயன்படும் டிராக்டர்களில் பெரும்பாலானவை இந்த இணைப்பைக் கொண்டுள்ளன. டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநர் உயிரிழக்கும் விபத்துக்கான முக்கியக் காரணம் ஒன்றை இவ்வமைப்பு பெருமளவு நீக்கியது.

இளமை

ஃபெர்குசன் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் டிரோமோர் நகருக்கு அருகிலுள்ள குரோவெல் என்னும் ஊரில், வேளாண்மைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் இவர் நான்காமவர். பண்ணை வேலையில் நாட்டமில்லாத இவர், 1902 இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தம் அண்ணன் ஜோ நடத்திவந்த வாகனப் பழுதுபார்ப்பு நிலையத்தில் சேர்ந்தார். தாமே வடிவமைத்துக் கட்டிய வானூர்தியை டிசம்பர் 31, 1909 அன்று ஹில்ஸ்பரோவில் சுமார் 120 மீட்டர் தொலைவு ஓட்டினார். அயர்லாந்தில் இயந்திர விசையால் பறந்த முதல் வானூர்தி இதுவாகும். 1911 இல் சொந்தமாக மோட்டார் வாகன வணிகத்தைத் தொடங்கினார்.

டிராக்டர்களும் விபத்துகளும்

முதல் உலகப் போரின்போது உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டிய தேவை எழுந்தது. அயர்லாந்தில் டிராக்டர்களின் பயன்பாட்டை மேம்படுத்தும் பணி 1917 இல் ஃபெர்குசனிடம் ஒப்படைக்கப்பட்டது. உடன் பணியாற்றிய வில்லி சாண்ட்ஸுடன் இவர் பண்ணைகளுக்குச் சென்று உழவு முறைகளைப் பார்வையிட்டார்.

அக்காலத்தில் கலப்பை, மாட்டு வண்டியின் பின்னால் கட்டி இழுப்பதுபோல், சங்கிலி அல்லது கொக்கியால் டிராக்டரின் பின்னால் கட்டப்பட்டது. கலப்பை மண்ணுக்கடியில் உள்ள பாறையிலோ மர வேரிலோ சிக்கினால் பின் சக்கரங்கள் நின்றுவிடும். ஆனால் இயந்திரத்தின் விசை நிற்பதில்லை. சக்கரம் சுழல முடியாத நிலையில், அவ்விசை டிராக்டரின் உடலையே பின் அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பகுதி எழுந்து, ஓரிரு நொடிகளில் வண்டி ஓட்டுநரின் மேல் கவிழும். 1917 இல் அறிமுகமான ஃபோர்ட்சன் டிராக்டர்களில் இவ்வாறு நேர்ந்த விபத்துகளில் பலர் உயிரிழந்தனர்.

ஃபெர்குசன் அமைப்பு

டிராக்டரையும் கலப்பையையும் தனித்தனிக் கருவிகளாகக் கருதுவதே தவறு என்ற முடிவுக்கு ஃபெர்குசன் வந்தார். பல ஆண்டு முயற்சிக்குப் பின், எண்ணெய் அழுத்தத்தால் கருவியைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1926 இல் காப்புரிமை பெற்றார். இதிலிருந்து வளர்ந்த அமைப்பில் கீழே இரண்டு தண்டுகளும் மேலே ஒரு தண்டும் உள்ளன. உழும்போது கீழ்த் தண்டுகள் கலப்பையை இழுக்கின்றன. மண்ணின் எதிர்ப்பினால் கலப்பை முன்னோக்கிச் சாய முயல்கிறது. அப்போது மேல் தண்டு டிராக்டரின் உடலை முன்னோக்கித் தள்ளுவதால், முன் சக்கரங்கள் மேலே எழாமல் தரையில் அழுத்தப்படுகின்றன.

கலப்பை தடையில் மோதினால் பின் சக்கரங்களின் மீதுள்ள கூடுதல் பாரம் நீங்கும். அவை பிடிமானம் இழந்து, நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலும். வண்டி கவிழ்வதில்லை. பிடிமானத்திற்காக டிராக்டரை மிகுந்த எடையுடன் கட்ட வேண்டிய தேவையும் இதனால் குறைந்தது.

உற்பத்தியும் வழக்கும்

இவ்வமைப்பைக் காட்ட 1933 இல் கட்டப்பட்ட கறுப்பு நிற மாதிரி டிராக்டர் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1936 இல் டேவிட் பிரவுன் நிறுவனத்துடன் இணைந்து உற்பத்தி தொடங்கியது. 1938 இல் ஃபெர்குசன் அமெரிக்கா சென்று ஹென்றி ஃபோர்டின் முன் தம் டிராக்டரை இயக்கிக் காட்டினார். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் ஏதுமின்றி, கை குலுக்கலின் பேரில் இருவரும் கூட்டுச் சேர்ந்தனர். 1939 இல் ஃபோர்டு 9என் டிராக்டர் வெளிவந்தது.

ஹென்றி ஃபோர்டின் பேரன் பொறுப்பேற்றபின் இக்கூட்டு 1947 இல் முறிந்தது. தம் அமைப்பைத் தொடர்ந்து பயன்படுத்தியதற்காக ஃபெர்குசன் 1948 இல் வழக்குத் தொடுத்தார். 1952 இல் 92.5 இலட்சம் டாலர் இழப்பீட்டுடன் வழக்கு முடிவுற்றது.

இதற்கிடையே, 1946 முதல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் டிஇ20 டிராக்டர் உற்பத்தியாயிற்று. சாம்பல் நிறமுடைய இவ்வண்டிகள் 1956 வரை 5 இலட்சத்திற்கும் மேல் தயாரிக்கப்பட்டன. எட்மண்ட் இல்லரி 1958 இல் தென் துருவத்தை அடைந்தது இவ்வகை டிராக்டர்களில்தான். ஃபெர்குசனின் நிறுவனம் 1953 இல் கனடாவின் மாசி-ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. பின்னர் அது மாசி ஃபெர்குசன் எனப் பெயர் பெற்றது.

புல்வெட்டும் வண்டிகளும் பாதுகாப்பும்

டிஇ20 டிராக்டரில் கலப்பை மட்டுமன்றிப் புல்வெட்டும் கருவியையும் பொருத்த முடிந்தது. இவ்வண்டியைக் கிளப்புவதற்குக் கியர் தண்டையே அதற்குரிய தனி நிலைக்கு நகர்த்த வேண்டும். எனவே கியரில் இருக்கும்போது வண்டி தானே பாய்ந்து கிளம்ப இயலாது. இதே நோக்கத்தை இன்றைய அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டிகளிலும் காணலாம். வெட்டும் அலகு இணைப்பில் இருந்தால் இவை கிளம்புவதில்லை. ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தால் அலகு நின்றுவிடும். இதற்கான மின்விசையைத் துண்டித்து ஓட்டுவது இப்பாதுகாப்பை இல்லாமற் செய்வதாகும்.

ஃபெர்குசன் அமைப்பு எல்லா விபத்துகளையும் தடுப்பதில்லை. பின் அச்சுக்கு மேலே சங்கிலி கட்டி மரத்தையோ வேறு வண்டியையோ இழுத்தால் பழைய ஆபத்து அப்படியே திரும்புகிறது. சேற்றில் புதைந்த சக்கரங்களை முன்னோக்கி விசையுடன் கிளப்ப முயலும்போதும் வண்டி பின்புறம் கவிழலாம். அந்நிலையில் பின்னோக்கி எடுப்பதோ வேறு வண்டியால் இழுப்பதோ பாதுகாப்பானது. சரிவில் குறுக்காக ஓட்டும்போது பக்கவாட்டில் கவிழும் ஆபத்து டிராக்டருக்கும் புல்வெட்டும் வண்டிக்கும் பொதுவானது. ஆகவே சரிவில் புல்வெட்டும் வண்டியை மேலும் கீழுமாகவே ஓட்டப் பரிந்துரைக்கப்படுகிறது. கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டத்தைப் புதிய டிராக்டர்களுக்கு சுவீடன் 1959 இல் கட்டாயமாக்கியது. இருக்கைப் பட்டி அணிந்தால்தான் இச்சட்டம் முழுப் பயன் தரும்.

தமிழ்நாட்டில்

ஃபெர்குசன் இறந்த 1960 ஆம் ஆண்டிலேயே, மாசி ஃபெர்குசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் டாஃபே நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்டது. இதன்வழி இவரது அமைப்பு தமிழக வயல்களுக்குப் பரவியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாரூர் ஏரிப் பாசன நெல்வயல்களில் சேற்றுழவு செய்யும் டிராக்டரின் பின்புறத்திலும், மேட்டு நில மாந்தோப்புகளில் சுழல் கலப்பை பூட்டிய டிராக்டரின் பின்புறத்திலும் இம்மூன்று தண்டுகளைக் காணலாம்.

இறுதிக் காலம்

பிற்காலத்தில் ஃபெர்குசன் சாலைப் பாதுகாப்பில் ஈடுபாடு கொண்டு, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் கார்களை உருவாக்கும் ஆய்வை ஊக்குவித்தார். அக்டோபர் 25, 1960 அன்று இங்கிலாந்தில் ஸ்டோ-ஆன்-த-வோல்டு நகருக்கு அருகிலுள்ள தம் இல்லத்தில் காலமானார். இவ்வாய்வின் பயனாக, சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்கும் நான்கு சக்கர இயக்கமும் ஒருங்கே கொண்ட ஜென்சன் எஃப்எஃப் கார் 1966 இல் வெளிவந்தது.