ஏடு தேடிய தாத்தா



தமிழ்ப் பாடம்னா எனக்குத் தூக்கம் வரும். புறநானூறு ஆரம்பிக்கிற அன்னைக்கு எங்க தமிழ் டீச்சர் புத்தகத்தையே திறக்கல. காய்ந்த பனை ஓலையும் ஆணியும் கொடுத்து, புள்ளி வைக்காம ஒரு சொல் எழுதச் சொன்னாங்க. புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று அந்தக் காலத்தில் வைக்க மாட்டார்களாம். நான் செல்வம் என்று எழுதினேன். பக்கத்துல இருந்தவ அதை செலவம என்று வாசித்தாள். செல்வம் செலவாப் போச்சுன்னு வகுப்பே சிரிச்சது. இப்படி எழுதின ஏடுகளைத் தேடிப் படிச்சு அச்சுல கொண்டுவந்தவர் கதையை அப்புறம் சொன்னாங்க. அவர்தான் தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர்.

இவர் 1855 பிப்ரவரி 19-இல் பிறந்தார். ஊர் பாபநாசம் பக்கத்தில் உத்தமதானபுரம். அப்பா சங்கீத வித்துவான். வீட்டில் வறுமை. ஆனாலும் தமிழ் மேல் ஆசைப்பட்டு, 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்ந்தார். 1876-இல் பிள்ளை இறந்தார். 1880-இல் இவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார்.

அதே ஆண்டு அந்த ஊர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா என்று இவர் அடுக்கினார். முதலியாருக்குத் திருப்தி இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இவர் அதைப் பார்த்ததுகூட இல்லை. வாத்தியாரா இருந்துக்கிட்டு தெரியாதுன்னு சொல்றது எவ்வளவு கஷ்டம்! ஆனா மழுப்பாம ஒத்துக்கிட்டார். முதலியார் கொடுத்த பிரதியை வாங்கிப் படித்தார். அது சமணக் காப்பியம். புரியாத இடங்களைச் சமணர் வீடுகளுக்கே போய்க் கேட்டுக் கற்றார். 1887-இல் அதை அச்சிட்டார்.

பிறகு ஊர் ஊராக அலைந்து ஏடு தேடினார். பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று ஒவ்வொன்றாக வந்தன. 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. 1942 ஏப்ரல் 28-இல் காலமானார்.

சில ஊர்களில் இவர் போறதுக்குள்ள ஏடுகளை ஆற்றிலும் தீயிலும் போட்டிருந்தாங்களாம். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு திக்குன்னு ஆச்சு. எங்க தாத்தா கூத்துப் பாட்டெல்லாம் எழுதி வச்சிருந்த நாலு நோட்டை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது நான்தான் பழைய பேப்பரோட எடைக்குப் போட்டேன். தாத்தா ஒண்ணும் சொல்லல. அதுதான் இப்ப அதிகமா வலிக்குது.

அன்னைக்கு சாயந்திரமே புது நோட்டு வாங்கினேன். தாத்தா பாடப் பாட நான் எழுதறேன். இதுவரை 11 பாட்டு ஞாபகம் வந்திருக்கு. மறந்த இடத்துல புள்ளி புள்ளியா வச்சிருக்கேன். புறநானூற்றிலும் வரி தொலைந்த இடங்களில் புள்ளிதான் இருக்கு. 267, 268 ரெண்டு பாட்டும் கிடைக்கவே இல்லை.

உங்க வீட்டுப் பரண்ல பழைய நோட்டு இருந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி