மதனப்பள்ளியின் ஆங்கில ஆசிரியர் ஜேம்ஸ் கஸின்ஸ்

நமது அங்கத்தினர்களில் திருமலைக்குப் போகாதவர்கள் அபூர்வம். தரிசனம் முடிந்ததும் காளஹஸ்தி, காணிப்பாக்கம் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு ஊர் திரும்புவதே பெரும்பாலோர் வழக்கம். கீழ்த்திருப்பதியிலிருந்து பீலேர், வாயல்பாடு வழியாக மேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சென்றால் மதனப்பள்ளி வரும். ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895-ல் பிறந்த ஊர் என்று சிலருக்குத் தெரிந்திருக்கும். 1911-ல் சித்தூர் ஜில்லா உருவானபோது கடப்பையிலிருந்து பிரித்து அதனுடன் சேர்க்கப்பட்ட பகுதி அது. அங்கே 1915-ல் அன்னி பெசன்ட் அம்மையார் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். அந்தக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் போதித்த ஓர் ஐரிஷ்காரரைப் பற்றியது இக்கட்டுரை.

ஜேம்ஸ் ஹென்றி கஸின்ஸ் 1873 ஜூலை 22-ந் தேதி பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். வசதியான குடும்பம் அல்ல. சிறு வயதிலேயே வேலைக்குப் போனவர். குமாஸ்தாவாக இருந்தார், சுருக்கெழுத்து கற்றார், பெல்பாஸ்ட் மேயரிடம் காரியதரிசியாகவும் இருந்தார். கல்லூரிப் பட்டம் எதுவும் பெறவில்லை. படிப்பெல்லாம் சுயமாகப் படித்ததுதான். பி.ஏ. படிக்காத ஒருவர் பி.ஏ. மாணவர்களுக்கு ஷேக்ஸ்பியரும் ஷெல்லியும் சொல்லிக்கொடுத்தார் என்பதை இன்றைய விதிமுறைகளை வைத்துக்கொண்டு நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

பின்னர் டப்ளினுக்குக் குடிபெயர்ந்து கவிதையும் நாடகமும் எழுதினார். அயர்லாந்தில் தேசிய நாடக இயக்கம் முளைவிட்ட காலம் அது. ஆரம்ப நாட்களில் அதில் பங்கு கொண்டார். கவிஞர் யேட்ஸுக்கு மட்டும் இவருடைய நாடகங்கள் பிடிக்கவில்லை. 1903-ல் சங்கீதப் பட்டதாரியான மார்கரெட்டை மணந்தார். தம்பதிகள் இருவரும் சுத்த சைவ உணவுக்காரர்கள். 1904 ஜூன் மாதம் ஜேம்ஸ் ஜாய்ஸ் என்ற இளைஞர் இவர்கள் வீட்டில் ஓரிரு நாட்கள் தங்கினார். அந்த வீட்டுக் காய்கறிச் சாப்பாடு தம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பிற்பாடு குறைப்பட்டாராம்! அதே ஜாய்ஸ் உலகப் புகழ் பெற்ற தமது யூலிசிஸ் நாவலில், முக்கியப் பாத்திரங்களில் ஒருவரின் கடன் பட்டியலில் கஸின்ஸ் பெயருக்கு எதிரே பத்து ஷில்லிங் என்று எழுதி வைத்தார்.

1915-ல் தம்பதிகள் இந்தியா வந்தனர். சென்னையில் அன்னி பெசன்ட் நடத்திய நியூ இந்தியா பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை. மறு வருஷம் ஈஸ்டர் வாரத்தில் டப்ளினில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. அதன் தலைவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் கவிஞர்களும் இருந்தனர். அவர்களைப் பாராட்டிக் கஸின்ஸ் ஒரு கட்டுரை எழுதினார், வேலை போயிற்று. அயல் தேசத்தில் வருமானமின்றி நின்றவரை அம்மையாரே மதனப்பள்ளிக் கல்லூரிக்கு ஆங்கில ஆசிரியராக அனுப்பினார். பிறகு அவர் அங்கேயே பிரின்ஸிபாலும் ஆனார்.

அங்கும் நிம்மதி இல்லை. 1917 ஜூன் மாதம் ஹோம் ரூல் இயக்கத்துக்காக அன்னி பெசன்ட்டை அரசாங்கம் ஊட்டியில் காவலில் வைத்தது. மதனப்பள்ளி மாணவர்கள் கிளர்ச்சியில் இறங்கினார்கள். கல்லூரிக்கு அளித்திருந்த அங்கீகாரத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் ரத்து செய்தது. அந்த நாளில் பி.ஏ. பட்டம் என்றால் என்னவென்று நம் தாத்தாக்கள் காலத்துக் கதைகளைக் கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹுஸூர் கச்சேரி உத்தியோகம், வக்கீல் ஸன்னது, வரன் பார்க்கும்போது ஒரு மதிப்பு எல்லாமே அந்த இரண்டு எழுத்தில் அடங்கியிருந்தன. அதை விட்டுவிட்டு, அடையாற்றில் புதிதாக ஏற்பட்ட தேசியப் பல்கலைக்கழகத்தின் கீழ் மதனப்பள்ளிக் கல்லூரி சேர்ந்தது. ரவீந்திரநாத் தாகூர் அதன் வேந்தர் என்பது பெருமைதான். ஆனால் அதன் பட்டத்தை எந்தக் கலெக்டர் ஆபீஸும் ஏற்றுக்கொள்ளாது. பிள்ளையை அங்கே படிக்க வைத்த தகப்பனாரின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். பரீட்சைக்காகப் படிப்பது என்ற பேச்சே அங்கே எடுபடாமல் போயிற்று. படிக்கிற விஷயத்துக்காகத்தான் படிக்க வேண்டும்.

கஸின்ஸுக்கு அதுவே வசதியாக அமைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலம் அவருக்கும் ஆளவந்தவர்களின் பாஷைதான். இந்தியாவைப் போலவே அயர்லாந்தும் அப்போது லண்டனிலிருந்து ஆளப்பட்ட நாடு. அந்தப் பாஷையிலேயே தம் தேசத்துப் பழங்கதைகளைப் பாடிய கவிஞர்களோடு பழகியவர் அவர். இந்தியரும் அவ்வாறே செய்யலாம், ஆங்கிலக் கவிகளைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. 1917-ல் சென்னையில் வெளிவந்த அவருடைய விமர்சன நூல் யேட்ஸ் முதலானோருக்குச் சமமாகத் தாகூரையும் அரவிந்தரையும் வைத்துப் பேசியது. மில்டனும் வேர்ட்ஸ்வொர்த்தும்தான் இலக்கியம் என்றிருந்த காலத்தில் இது சாமானியமான காரியம் அல்ல. அடியேன் பௌதிகம் படித்தவன். எங்களுக்கு ஆங்கிலம் என்றால் ஒரு உரைநடைத் தொகுப்பும் இலக்கணமும், பரீட்சைக்கு நோட்ஸும்தான். கொடுத்து வைத்தவர்கள் அந்த மாணவர்கள்.

அந்த நூல் புதுச்சேரிக்குப் போய் அரவிந்தர் கையில் கிடைத்தது. அதற்கு மதிப்புரை எழுத ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. வருங்காலக் கவிதையைப் பற்றி 1917 டிசம்பர் முதல் 1920 வரை ஆர்யா பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். ஆங்கிலக் கவிதை பற்றி இந்தியர் எழுதிய நூல்களில் தலையாயது என்று அறிஞர்கள் மதிக்கும் அந்நூலுக்கு வித்து இங்கிருந்து சென்றதே. சரோஜினி தேவியின் இளைய சகோதரர் ஹரீந்திரநாத்தின் முதல் கவிதைத் தொகுதிக்கு 1918-ல் முன்னுரை எழுதியவரும் கஸின்ஸ்தான். அப்போது ஹரீந்திரநாத்துக்கு இருபது வயது.

1919 பிப்ரவரியில் தாகூர் தென்னாட்டுச் சுற்றுப்பயணத்தின் நடுவே ஓய்வுக்காக மதனப்பள்ளி வந்து கல்லூரியில் தங்கினார். ஒரு மாலை மாணவர்கள் கூடியிருந்தபோது, 1911 காங்கிரஸ் மகாசபையில் முதலில் பாடப்பட்ட ஜன கண மன பாடலைத் தாமே பாடிக் காட்டினார். அர்த்தம் கேட்டார்கள். 28-ந் தேதியன்று தம் கைப்படவே அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். மெட்டு மறந்துவிடாமலிருக்க மார்கரெட் அம்மையார் ஸ்வரப்படுத்தி எழுதி வைத்தார். அது முதல் அக்கல்லூரியின் காலைப் பிரார்த்தனைப் பாடல் அதுவே. அரசாங்கம் ஒதுக்கிவைத்த ஒரு கல்லூரியில், ஆங்கில வாத்தியார் வீட்டு விருந்தாளியின் கையால், நம் தேசிய கீதத்துக்கு ஆங்கில வடிவம் கிடைத்தது.

அதற்குப் பின் கஸின்ஸ் பல இடங்களில் இருந்தார். 1919-ல் ஜப்பான் சென்று டோக்கியோவில் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதித்தார். பட்டமே இல்லாத அவருக்கு டாக்டர் பட்டம் அளித்ததும் அந்தப் பல்கலைக்கழகமே. மைசூர் ஜகன்மோகன் அரண்மனைச் சித்திரசாலை, 1935-ல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ராலயம் ஆகியவற்றை அமைப்பதில் பெரும்பங்கு அவருடையது. ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கியபோது துணை நின்றவர்களிலும் ஒருவர். மார்கரெட் அம்மையாரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1917-ல் மாண்டேகுவைச் சந்தித்த தூதுக்குழுவுக்குப் பின்னால் இருந்தவர் அவர். வேலூர்ச் சிறையிலும் இருந்தார்.

1933-ல் கஸின்ஸ் மறுபடி மதனப்பள்ளிக்குப் பிரின்ஸிபாலாக வந்தார். 1937-ல் வந்தே மாதரம் பற்றிச் சர்ச்சை எழுந்தபோது, ஜன கண மனவையே தேசிய கீதமாக அங்கீகரிக்கலாம் என்று அறிக்கை விட்டார். அதே வருஷம் இந்துவாகி ஜயராம் என்ற பெயரும் ஏற்றார். அவருடைய யோசனை 1950 ஜனவரி 24-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் நிறைவேறியபோது அவர் உயிரோடிருந்தார்.

அவர் எழுதிய கவிதைகளை இன்று படிப்பவர்கள் அதிகம் இல்லை. உள்ளதைச் சொல்வதானால், யேட்ஸின் கவிதை பக்கத்தில் அவை நிற்கமாட்டா. அந்தக் குறை அவரை வாட்டியதாகத் தெரியவில்லை. தம்பதிகள் சேர்ந்து எழுதிய சுயசரிதை 1950-ல் வெளிவந்தது. பழைய புத்தகக் கடைகளில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். மார்கரெட் 1954-ல் காலமானார். திருப்பதியில் வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் ஆரம்பமான வருஷமும் அதுதான்; மதனப்பள்ளிக் கல்லூரி பின்னர் அதன் கீழ் வந்தது. கஸின்ஸ் 1956 பிப்ரவரி 20-ந் தேதி மதனப்பள்ளியிலேயே கண் மூடினார். அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு.