சாயத்தால் குருதியைப் பகுத்தவர்

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் நியூட்ரோபில், ஈசினோபில், பேசோபில் என்ற பெயர்களும் அவற்றுக்கு எதிரே விழுக்காடுகளும் இருக்கும். அவை நோயின் பெயர்கள் அல்ல. எந்த அணு எந்தச் சாயத்தை விரும்பி ஏற்கிறது என்பதைக் கொண்டு பால் எர்லிக் இட்ட பெயர்கள்.

இன்று போலந்தில் உள்ள ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில், யூதக் குடும்பமொன்றில் 1854 மார்ச் 14 அன்று பிறந்தார் எர்லிக். நிலக்கரித் தாரிலிருந்து துணிகளுக்கான சாயங்களை ஜெர்மானியத் தொழிற்சாலைகள் வடித்துக்கொண்டிருந்த காலம் அது. அச்சாயங்களை உடல் திசுக்களில் ஏற்றும் வித்தையை உறவினர் கார்ல் வைகர்ட் அவருக்கு அறிமுகப்படுத்தினார். 1878-இல் லைப்சிக் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த ஆய்வேடும் சாயமேற்றுதலைப் பற்றியதே.

அதற்கு முன்பே வெள்ளணுக்களை எண்ணத் தெரிந்திருந்தது. நீர்த்த குருதியைக் கோடிட்ட கண்ணாடியில் வைத்து எண்ணினார்கள். எத்தனை என்று தெரிந்தது. யார் யார் என்று தெரியவில்லை. பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் எர்லிக், குருதியை மெல்லிய படலமாகப் பரப்பி, செப்புத் தகட்டின் மேல் சூடாக்கி நிலைப்படுத்தி, அமில, கார, நடுநிலைச் சாயங்களை ஏற்றினார். ஒரே வெண்மையாகத் தெரிந்த கூட்டம் வகைவகையாகப் பிரிந்தது. குருதிப் புற்றின் வகைகளைப் பிரித்தறியவும் அதுவே வழி திறந்தது.

காசநோய் கண்டு எகிப்தில் தங்கி மீண்டவர், பின்னர் எதிர்ப்பாற்றலின் பக்கம் திரும்பினார். நச்சுடன் பூட்டும் சாவியும்போல் பொருந்தும் எதிர்ப்பொருள்கள் குருதியில் உள்ளன என்று வாதிட்டார். அணுக்களுக்கு வண்ணம் கொடுத்தவர், பாதுகாப்பின் பெருமையைக் குருதி நீருக்கு வழங்கியது விந்தைதான். அணுக்களே கிருமிகளை விழுங்குகின்றன என்ற மெச்னிகோவுடன் 1908-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1910-இல் வெளிவந்த சால்வர்சான் மருந்தே அவருக்கு உலகப் புகழ் தந்தது. 1915 ஆகஸ்ட் 20 அன்று மறைந்தார். பிராங்பர்ட்டில் அவர் பெயர் தாங்கிய தெருவின் பலகையை, யூதர் என்பதற்காக நாஜிகள் அகற்றினர்.

லிம்போசைட்டுகள் மட்டும் அவர் சாயங்களுக்குப் பிடி கொடுக்கவில்லை. டி அணு, பி அணு இரண்டும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரிந்தன. எச்.ஐ.வி. பரவியபோது சிடி4 அணுக்களைத் தனியே எண்ண வேண்டியிருந்தது. குறிப்பிட்ட அணுவை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்தனர். அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டு, ஒளிர்பவற்றைக் கருவி எண்ணியது. எர்லிக் தனித்தனியே கையாண்ட சாயமும் எதிர்ப்பொருளும் அந்தச் சோதனைக் குழாயில்தான் ஒன்றுசேர்ந்தன.