பத்திரிகைப் பணியில் பேராசிரியர் கல்கி

திருச்சிராப்பள்ளி தேசிய உயர்நிலைப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்த மாணவர் ஒருவர், 1921ஆம் ஆண்டில், பள்ளி இறுதித் தேர்வை நெருங்கிய வேளையில், காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்றுப் படிப்பைத் துறந்து வெளியேறினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, தமிழகத்தின் புகழ்மிக்க வார இதழொன்றின் ஆசிரியப் பொறுப்பையும் அவர் அவ்வாறே துறந்தார். முதல் முறை அவர் இழந்தது ஒரு சான்றிதழை. இரண்டாம் முறையோ, நிலையான ஊதியம், பெரும்புகழ், வாரந்தோறும் தம் எழுத்துக்காகக் காத்திருந்த வாசகர் கூட்டம் ஆகிய அனைத்தையும் பணயம் வைத்தார். அவரே பேராசிரியர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி ஆவார்.

மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் 1899 செப்டம்பர் 9ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை ராமசாமி ஐயர் ஊர்க் கணக்கர். பள்ளியை விட்டபின் மேடைதோறும் விடுதலை முழக்கமிட்ட கிருஷ்ணமூர்த்திக்கு 1922இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அப்போராட்ட நாள்களில் வாய்த்த நட்புகளுள் இரண்டு அவர் வாழ்வின் போக்கையே வகுத்தன. ஒன்று மூதறிஞர் ராஜாஜியின் நட்பு. மற்றொன்று லால்குடியை அடுத்த ஆங்கரையில் பிறந்த தி. சதாசிவத்தின் நட்பு.

1923இல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் துணையாசிரியரானார். இதழியலின் அரிச்சுவடியை அங்கே கற்றார். திரு.வி.க.வின் நடையழகில் ஊறியபோதும், பேசுவதுபோல் எழுதும் தமக்குரிய எளிய நடையை அவர் உருவாக்கிக்கொண்டார். அப்பணியை விட்டபின் திருச்செங்கோடு காந்தி ஆசிரமம் சென்று, மதுவிலக்குப் பரப்புரைக்காக ராஜாஜி நடத்திய 'விமோசன'த்திற்குத் துணைநின்றார்.

இதற்கிடையே சென்னையில் ஒரு மாறுதல் நிகழ்ந்திருந்தது. 1926இல் தோன்றிய 'ஆனந்த விகடன்' இதழை 1928இல் எஸ்.எஸ். வாசன் வாங்கினார். விளம்பரத் தொழிலிலும் அஞ்சல்வழி வணிகத்திலும் பழகியவர் வாசன். வாசகரின் நாடித்துடிப்பை அறிந்தவர். அவ்விதழுக்குக் 'கல்கி' என்னும் புனைபெயரில் கிருஷ்ணமூர்த்தி எழுதியனுப்பிய நகைச்சுவைக் கட்டுரை வாசனைக் கவர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் கல்கி விகடனின் ஆசிரியப் பொறுப்பேற்றார். விற்பனையும் விளம்பரமும் அறிந்த உரிமையாளரும், எழுத்தின் வசியம் அறிந்த ஆசிரியரும் இணைந்ததால் இதழ் வீடுதோறும் புகுந்தது.

அப்பணி எளிதானதன்று. மழையானாலும் காய்ச்சலானாலும் குறித்த நாளில் இதழ் வெளிவந்தாக வேண்டும். அச்சுக்கோப்பவர் காத்திருக்கையில் தொடர்கதையின் அடுத்த அத்தியாயம் எழுதியாக வேண்டும். தலையங்கம், சிறுகதை, பயணக்கட்டுரை ஆகியவற்றோடு, 'கர்நாடகம்' என்ற பெயரில் இசை விமரிசனமும் கல்கியே எழுதினார். ஓவியர் மாலியின் கோடுகள் அவர் எழுத்துக்கு உயிரூட்டின. உதவியாசிரியராய் வந்து சேர்ந்த தேவன் அங்கேயே வளர்ந்து பெரும் எழுத்தாளரானார். 1937இல் 'கள்வனின் காதலி' தொடராக வந்தது. 1939இல் 'தியாக பூமி', கே. சுப்பிரமணியம் இயக்கிய அதே பெயருள்ள திரைப்படத்தின் நிழற்படங்களோடு வெளிவந்தது. படத்தைப் பின்னர் ஆங்கில அரசு தடைசெய்தது.

பெரிய இதழின் ஆசனத்தில் அமர்ந்தவர் சொல்லும் சொல், சொல்பவரின் தகுதியோடு இதழின் செல்வாக்கையும் சேர்த்துச் சுமக்கிறது. இதன் நன்மையையும் இடரையும் கல்கி ஒருங்கே கண்டார். 1930களின் நடுப்பகுதியில் பாரதியார் மகாகவியா என்ற விவாதம் எழுந்தபோது, உலக மகாகவிகளின் வரிசையில் அவரை வைக்க இயலாதென்று கல்கி வாதிட்டார். கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் அதனை எதிர்த்து எழுதினர். கல்கியின் கதைகளுள் சில மேனாட்டுக் கதைகளின் தழுவல்கள் என்று புதுமைப்பித்தன் சாடினார். பரவலான வாசிப்பும் இலக்கியத் தரமும் ஒன்றாகுமா என்ற வினாவை மணிக்கொடி எழுத்தாளர்கள் விடாது எழுப்பினர். அவ்வினாவை முற்றிலும் தள்ளிவிட முடியாது.

1940 அக்டோபரில் காந்தியடிகள் தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். அதில் பங்குகொள்ளக் கல்கி உறுதிகொண்டார். நூற்றுக்கணக்கான வாசகர்க்கு அன்று; பல்லாயிரவர்க்கு விடுதலை உணர்வை ஊட்டிய ஒருவர், தாம் மட்டும் நாற்காலியில் அமர்ந்திருக்க மனம் ஒப்பவில்லை. ஆயினும் பலர் பிழைப்பைத் தாங்கும் நிறுவனத்திற்குத் தனக்கென்று கவலைகள் உண்டு. ஆசிரியரின் மனச்சான்றும் நிறுவனத்தின் நலனும் எப்போதும் ஒரே வழியில் செல்வதில்லை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் வளர்த்த இதழை விட்டு விலகினார். 1941இல் மூன்று மாதச் சிறை அவருக்குக் கிட்டியது.

விடுதலையாகி வந்தபோது அவரிடம் அலுவலகமும் இல்லை, அச்சகமும் இல்லை. விகடனில் விளம்பரப் பிரிவை ஏற்றிருந்து, அவரைப் போலவே விலகிய சதாசிவம் துணைநின்றார். 'சாவித்திரி' திரைப்படத்தில் நாரதராக நடித்து எம்.எஸ். சுப்புலட்சுமி பெற்ற பொருள் முதலாயிற்று. 1941 ஆகஸ்டு முதல் நாள் 'கல்கி' இதழ் பிறந்தது. வாசகர்கள் அவரைத் தேடி வந்தனர். பழைய நிறுவனம் தந்த புகழில் எவ்வளவு தமக்குரியது என்பதை அறியும் சோதனையில் அவர் வென்றார். விகடனும் தேவன் போன்றோரின் உழைப்பால் தாழாது நின்றது.

தம் இதழில் 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'அலை ஓசை' ஆகியவற்றை எழுதினார். தமிழிசைக்கு வாதாடினார். முன்னர் பாரதியை அளந்து பேசிய அதே கை, அக்கவிஞருக்கு எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுப்ப வாசகரிடம் பொருள் திரட்டியது. 1947இல் ராஜாஜி அதனைத் திறந்துவைத்தார். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வெளிவந்தது. மண்ணச்சநல்லூருக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடம், வந்தியத்தேவன் படகேறிக் கடந்த ஆறாகவும் வாசகர் நெஞ்சில் பதிந்தது.

வாரக்கெடு அவரை இறுதிவரை விடவில்லை. 1954 டிசம்பர் 5ஆம் நாள், 55ஆம் வயதில் அவர் மறைந்தபோது 'அமரதாரா' முடிவுறாதிருந்தது. மகள் ஆனந்தி அதனை நிறைவுசெய்தார். 'அலை ஓசை'க்கான சாகித்திய அகாதெமி விருது 1956இல், அவர் மறைவுக்குப் பின்னரே வந்தது.

பெருமைமிகு நிறுவனம் ஒருவருக்கு மேடை தரும். அந்த மேடையின்றியும் தம் குரல் கேட்குமா என்பதை அதிலிருந்து இறங்கியவரே அறிவார். திருச்சியில் பள்ளியை விட்டு வெளியேறிய அந்த இளைஞர், அதனை இருமுறை இறங்கிப் பார்த்து அறிந்தவர்.