உயிர் காக்கும் விஷம் கண்ட டாக்டர் சுப்பாராவ்

கோவில்பட்டி, கடம்பூர் வட்டாரத்தில் "மருந்து" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். டாக்டர் கொடுப்பதும் மருந்து. தீக்குச்சியின் தலையில் இருப்பதும் மருந்து. தீக்குச்சி மருந்தைக் கண்டபடி தொடக்கூடாது என்று அங்கே சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

டாக்டர் கொடுக்கும் மருந்திலும் அப்படிப்பட்டவை உண்டு. நோயாளியைக் காப்பாற்றும், எடுத்துக் கொடுப்பவரைக் கெடுத்துவிடும்! அத்தகைய மருந்து ஒன்றை உலகுக்குத் தந்தவர், சென்னையில் படித்த ஓர் இந்தியர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

கதர் உடுப்பு

1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமாவரத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. குடும்பத்தில் வறுமை. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்றாம் தடவைதான் தேறினார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்கு உதவியவர்களில் மாமனாரும் ஒருவர்.

அந்நியத் துணி கூடாது என்று காந்தியடிகள் சொன்ன காலம் அது. சுப்பாராவ் ரண சிகிச்சை வகுப்புக்கும் கதர் உடுப்பில் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம் வந்தது. பரீட்சையை நன்றாக எழுதியும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

சகோதரர் இருவரை "ஸ்புரூ" என்ற குடல் நோய் கொண்டுபோயிற்று. அவரையும் அது பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் லட்சுமிபதி காப்பாற்றினார். அந்த நோயை அவர் மறக்கவில்லை.

மலச்சட்டி கழுவினார்

பிறகு அமெரிக்கா சென்றார். போஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு வேலை. நோயாளிகளின் மலச்சட்டியைக் கழுவிப் பிழைத்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து அவர் செய்த ஆராய்ச்சிகள் விஞ்ஞானிகளிடையே பேர் பெற்றன. ஆனாலும் நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார்.

அங்கே அவருடைய குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கு அது கைகண்ட மருந்து! இருவரும் மாண்டு இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

ஏமாற்றும் மருந்து

உடம்பின் உயிரணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அதே உருவத்தில் ஒரு போலியைக் கொடுத்தால்? அணு ஏமாந்து அதை எடுத்துக்கொள்ளும்; பெருக முடியாமல் சாகும். புற்றுநோய் அணுக்கள் வேகமாகப் பெருகுபவை. ஆகவே அடி அவற்றுக்கே பலமாக விழும்.

அப்படிப்பட்ட போலியான அமினோப்டெரினை சுப்பாராவின் குழு தயாரித்தது. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு போஸ்டனில் டாக்டர் ஃபார்பர் அதைக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்குக் குணம் தெரிந்தது. சில காலத்துக்குத்தான் என்றாலும், அதற்கு முன் அந்தக் குழந்தைகளுக்கு எந்த வழியும் இருந்ததில்லை. இந்தச் செய்தி 1948 ஜூனில் வெளியாயிற்று. அந்த ஆகஸ்டிலேயே சுப்பாராவ் தூக்கத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 53. தாய்நாட்டுக்கு அவர் திரும்பவேயில்லை.

அதே குழுவிலிருந்து வந்ததுதான் மெதோட்ரெக்சேட். அவர் பெயரைவிட இந்த மருந்தின் பெயர்தான் இன்று அதிகம் பேருக்குத் தெரியும்.

கொடுப்பவர் கதி

போலி மருந்துக்கு நோயாளி யார், மற்றவர் யார் என்று தெரியாது. பொடியாய்ப் பறக்கும், துளியாய்த் தெறிக்கும், தோல் வழியாகவும் ஊறும். கர்ப்பிணியின் உடம்பில் சேர்ந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. இது நெடுநாள் யாருக்கும் உறைக்கவில்லை. புற்றுநோய் மருந்துகளை வெறுங்கையால் கலந்தார்கள்.

1979-ல் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள், இத்தகைய மருந்துகளைக் கையாண்ட நர்சுகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். நர்சுகள் மருந்து சாப்பிட்டவர்கள் அல்ல. எடுத்துக் கொடுத்தவர்கள், அவ்வளவே. ஆனால் மரபணுவை மாற்றும் பொருளின் அடையாளம் அவர்கள் சிறுநீரில் தெரிந்தது. அதன் பிறகுதான் பல நாடுகளில் கட்டுப்பாடுகள் வந்தன.

காற்றை உள்ளிழுத்து வடிகட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் மருந்தைக் கலக்க வேண்டும். இரட்டைக் கையுறையும், முதுகுப் பக்கம் கட்டும் நீண்ட அங்கியும் போட வேண்டும். மீந்ததையும் ஊசியையும் தனிப் பெட்டியில் போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வேறு வேலை தருவது நல்லது.

மெதோட்ரெக்சேட் இப்போது மூட்டுவாதத்துக்கும் மாத்திரையாக வருகிறது. சாதாரண மருந்துக் கடையிலும் இருக்கிறது. அதை எண்ணத் தனித் தட்டு வேண்டும், விரல் படக்கூடாது. வீட்டில் விழுங்கச் சிரமப்படும் பாட்டிக்காக அதை இடித்துப் பொடியாக்கக் கூடாது. டாக்டரிடம் கேட்டால் வேறு வழி சொல்வார்.